தாழ்ப்பாள் இல்லாத பாத்ரூம்

அலுவலகத்தில் எனக்கு 'ஜாக்கிரதை மேடம்' என்று பெயர். முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள், ஆனால் என் காதில் விழுகிற தூரத்தில் நின்று சொல்வார்கள். விபத்துத் தடுப்புப் பிரிவில் விழிப்புணர்வு அதிகாரி நான். பள்ளிக்கூடம், தொழிற்சாலை, குடியிருப்போர் சங்கம் என்று யார் கூப்பிட்டாலும் போய், ஈரத்தரையில் எப்படி நடக்க வேண்டும், அடுப்பை எப்படி அணைக்க வேண்டும் என்று தொண்டை வறளப் பேசுவேன். ஒரு தடவை பேசி முடித்து மேடையை விட்டு இறங்கும்போது மைக் ஒயர் தடுக்கிக் குப்புற விழுந்தேன். அன்றைக்குக் கைதட்டல் பலமாக இருந்தது. செய்து காட்டுகிறேன் என்று நினைத்துவிட்டார்கள்.

இந்தக் குளிர்காலத் தொடக்கத்தில் மேலாளர் என்னைக் கூப்பிட்டார். "மேடம், பேசிப் பேசி ஒண்ணும் ஆகல. கண்ணால பாத்தாத்தான் ஜனங்க மண்டையில ஏறும். மண்டபத்துல ஒரு வீடு மாதிரி செட் போடுங்க. 'ஆபத்து வீடு'ன்னு பேர். உள்ள வர்றவங்க எங்கெங்க ஆபத்து ஒளிஞ்சிருக்குன்னு கண்டுபிடிக்கணும்."

"சாமான் எல்லாம் யார் சார் குடுப்பாங்க?"

"நீங்களே ஏதாவது பாத்து ஏற்பாடு பண்ணிக்குங்களேன்."

எங்கள் அலுவலக பாஷையில் அதற்குக் காசு கிடையாது என்று அர்த்தம்.

வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து யோசித்தேன். ஒரு வீட்டில் என்னென்ன ஆபத்து இருக்கும்? ஒன்றும் தோன்றவில்லை. எழுந்து தண்ணீர் குடிக்கப் போனேன். பாய் விளிம்பு சுருண்டிருந்ததில் கால் சிக்கியது. விழாமல் இருக்க முக்காலியைப் பிடித்தேன், அதற்கு ஒரு கால் ஆடும். முக்காலி போய் பீரோவில் இடித்தது. பீரோ முன்பக்கம் சாய்ந்து, கதவு தானாகத் திறந்து, மேல்தட்டிலிருந்து இஸ்திரிப் பெட்டி என் தலைக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. அந்த இஸ்திரிப் பெட்டியின் ஒயர் தேய்ந்து உள்ளே செம்பு தெரியும்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மொத்தக் கண்காட்சியும் வீட்டிலேயே இருந்தது.

மறுநாளே அலுவலக வேனைக் கொண்டுவந்து ஏற்றினேன். பாய், முக்காலி, என் வீட்டுக்காரரின் கை ஆடும் நாற்காலி, பீரோ, இஸ்திரிப் பெட்டி, ஒன்றின் மேல் ஒன்றாக ஆறு பிளக் தொங்கும் எக்ஸ்டென்ஷன் பெட்டி, எல்லா மாத்திரைகளும் ஒன்றாகக் கலந்து கிடக்கும் பிஸ்கட் டப்பா, ஜூஸ் பாட்டிலில் ஊற்றி வைத்திருந்த பினாயில். கடைசியாகப் பாத்ரூம் தாழ்ப்பாள் ஞாபகத்துக்கு வந்தது. துருப்பிடித்து, உள்ளே போட்டால் வெளியிலிருந்து யானை வந்தாலும் திறக்க முடியாது. வயசானவர்கள் உள்ளே மயங்கி விழுந்தால் அவ்வளவுதான் என்று நானே பல மேடைகளில் சொல்லியிருக்கிறேன். அதையும் திருகிக் கழற்றி எடுத்துக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். சாயங்காலம் வந்து கூடத்தைப் பார்த்தார். "திருடன் வந்தானா, நீ வந்தியா?" என்று கேட்டார். அதற்கப்புறம் கொஞ்ச நாள், தன் நாற்காலியில் உட்காரவேண்டும் என்று தோன்றினால் மண்டபத்துக்கு வந்துவிடுவார்.

கண்காட்சி ஓஹோ என்று ஓடியது. குடும்பம் குடும்பமாக வந்தார்கள், கண்டுபிடித்தார்கள், சிரித்தார்கள். ஒரு அம்மாள் என் பீரோவை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரிதான், ஆனா ரொம்ப மிகைப்படுத்திட்டீங்க. இப்படியும் ஒரு பொம்பளை வீடு வச்சிருப்பாளா?" என்றாள். என் முகத்தில் ஈயாடவில்லை. "ஒரு கற்பனைதாங்க" என்றேன்.

இந்தக் கூத்துக்கு நடுவில்தான் அப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார்.

அப்பா பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா போனபிறகு தனியாகவே இருந்தார். வாசலில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்டதிலிருந்து தனியாக விடமுடியாது என்று ஆகிவிட்டது. எனக்கும் தம்பிக்கும் அதில்தான் சண்டை. நாற்காலி, மேஜை, கட்டில் விற்கிற கடை வைத்திருக்கிறான் தம்பி. கண்ணில் படுகிற எதையும் ஆட்டிப் பார்க்காமல் அவனால் இருக்க முடியாது. "அக்கா, உன் வீட்ல ஆடாம நிக்கறது உன் வாய் ஒண்ணுதான். அங்க அப்பாவ விட்டா இன்னொரு இடுப்பும் போயிடும். என்கிட்டயே இருக்கட்டும்" என்றான்.

என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஊர் முழுக்கப் பாதுகாப்புப் பாடம் எடுக்கிறவள் வீட்டில் பெற்ற அப்பாவுக்குப் பாதுகாப்பு இல்லையா? மானப் பிரச்சினை ஒருபக்கம். அதைவிட, எனக்கு அப்பா வேண்டும். கல்யாணமாகிப் போனதிலிருந்து அவரோடு ஒரு வாரம் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை. கடைசியில் ஒரு மாதம் என்னிடம் இருக்கட்டும், அதற்குள் தம்பி வந்து வீட்டைப் பார்ப்பான், அவன் திருப்திப்பட்டால் அப்பா இங்கேயே இருக்கலாம் என்று பேசி முடித்தோம்.

தம்பி வந்தான். கதவை ஆட்டினான், கட்டிலை ஆட்டினான், சுவரைக்கூட ஒரு தட்டு தட்டினான். ஒன்றும் ஆடவில்லை. ஆடுவதெல்லாம் மண்டபத்தில் இருந்தது.

"அக்கா, நீ இவ்வளவு மாறுவேன்னு நான் எதிர்பாக்கல. வீடு துடைச்சு வச்ச மாதிரி இருக்கு" என்றான்.

என் வீட்டுக்காரருக்கு இருமல் வந்தது. நான் ஒரு முறை முறைத்தேன், நின்றுவிட்டது.

தம்பி போனதும் அப்பா மெதுவாக, "கண்காட்சி முடிஞ்சதும் அந்தச் சாமான் எல்லாம் எங்கம்மா போகும்?" என்று கேட்டார். அவரிடம் எதையும் மறைக்க முடியாது. "பழைய சாமான்காரனுக்குப்பா" என்றேன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்திருந்தேன். அப்பா இங்கேயே இருப்பதென்றால் பீரோ என்ன, வீட்டையே விற்றுவிடலாம் என்று இருந்தது.

ஒன்றே ஒன்றுதான் அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. பாத்ரூமுக்குத் தாழ்ப்பாள் இல்லை. "யாராவது பட்டுனு உள்ள வந்துட்டா என்ன பண்றது?" என்றார். பிறகு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். குளிக்கிற நேரம் முழுக்க உரக்கப் பாட ஆரம்பித்தார். "வளைவு வந்தா ஹாரன் அடிக்கணும்ல, அதான்" என்றார். ஒரே ஒரு மெட்டுதான் அவருக்குத் தெரியும், அதிலும் ஒரே இடத்தில் சுருதி தப்பும். ஏறவேண்டிய இடத்தில் ஏறாமல் பக்கவாட்டில் போய்விடும். கேட்கிறவர்களுக்குத்தான் கஷ்டம். இரண்டு மூன்று நாளில் எனக்குப் பொறுமை போய், "அப்பா, சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சுக்குங்க, பக்கத்து வீட்ல என்ன நினைப்பாங்க" என்றேன். அவர் குறைக்கவில்லை. நல்லவேளை, என் பேச்சை வீட்டில் யாருமே கேட்பதில்லை.

குளிர் அதிகமானது. பாத்ரூமின் மேலே இருக்கிற சின்ன ஜன்னலில் கண்ணாடிப் பட்டைகள் உடைந்து, காற்று ஊசி மாதிரி இறங்கும். "கொஞ்சம் சிலுசிலுன்னு இருக்கும்மா" என்றார் அப்பா. அவர் வாய்விட்டு ஒன்று சொல்கிறார் என்றால் நிஜமாகவே தாங்கமுடியவில்லை என்று அர்த்தம். எனக்கு மனசு கேட்கவில்லை. அலுவலகத்தில் கலர் தப்பாக அச்சாகி மேலாளர் வேண்டாம் என்று ஒதுக்கிய பேனர் ஒன்று வீட்டில் சுருட்டிக் கிடந்தது. கெட்டியான பிளெக்ஸ், காற்று புகாது. வெட்டி எடுத்துக்கொண்டு, முக்காலி கண்காட்சியில் இருந்ததால் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி, ஜன்னலில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டினேன். பேனரில் இருந்த வாசகம், 'கவனம், உங்கள் வீட்டிலிருந்தே தொடங்கட்டும்'. வெட்டினதில் 'கவனம்' மட்டும் மிஞ்சியது.

அப்பாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "இப்பதான் வெதுவெதுன்னு இருக்கு. குளிக்கறப்போ படிக்கறதுக்கும் ஏதோ இருக்கு" என்றார்.

அந்த ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில்தான் கேஸ் ஹீட்டர் இருந்தது. குழாயைத் திறந்தால் பொசுக்கென்று தீ பிடித்து வெந்நீர் கொட்டும். தெரியாமல் செய்தேன் என்று நான் சப்பைக்கட்டுக் கட்ட முடியாது. மூடிய அறைக்குள் தீ எரிந்தால் நச்சுக்காற்று சேரும், அதற்கு வாசனை கிடையாது, தூக்கம் மாதிரி வந்து ஆளைக் கொண்டுபோய்விடும் என்று எத்தனையோ கூட்டங்களில் பேசியிருக்கிறேன். அதைப் பேசும்போது நான் காட்டுகிற படத்தில் ஒரு கரி அடுப்பு இருக்கும். புகைபிடித்த கறுப்பு அடுப்பு. என் வீட்டில் இருந்ததோ வெள்ளை வெளேரென்று சுவரில் மாட்டிய பெட்டி. இரண்டும் ஒன்று என்று என் மரமண்டைக்கு ஏறவே இல்லை.

ரெண்டு நாளாகக் குளித்துவிட்டு வந்ததும் அப்பா தலைவலி என்றார். "கண்ணாடி பவர் மாறியிருக்கும்பா" என்றேன், பெரிய டாக்டர் மாதிரி.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அடுத்த வாரக் கூட்டத்துக்குப் பேச்சு எழுதிக்கொண்டிருந்தேன். பாத்ரூமில் அப்பா பாடிக்கொண்டிருந்தார், என் எரிச்சல் ஏறிக்கொண்டிருந்தது. திடீரென்று பாட்டு நின்றது. அப்பாடா என்று நினைத்தேன். கடவுள் சாட்சியாக அதைத்தான் நினைத்தேன். நினைத்துவிட்டு இன்னும் ஒரு வரிகூட எழுதினேன்.

அப்புறம்தான் உறைத்தது. மெட்டு முடியவில்லை. எப்போதும் தப்புகிற அந்த இடத்துக்கு வருவதற்கு முன்னாலேயே நின்றுவிட்டது. தண்ணீர் கொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"அப்பா" என்றேன். பதில் இல்லை. ஓடிப்போய்க் கதவைத் தள்ளினேன், திறந்துகொண்டது. பிளாஸ்டிக் நாற்காலியில் சுவரோடு சாய்ந்து, தலை ஒரு பக்கம் தொங்க, கையில் குவளையோடு உட்கார்ந்திருந்தார். ஹீட்டரில் தீ உர்ரென்று எரிந்துகொண்டிருந்தது. ஆவிக்கு நடுவில் அவர் தலைக்கு மேலே 'கவனம்' என்று எழுதியிருந்தது.

எப்படி இழுத்தேன் என்று தெரியாது. என் வீட்டுக்காரர் மூச்சை அடக்கிக்கொண்டு ஓடி கேஸை மூடினார். துண்டைச் சுற்றி வாசல்வரை இழுத்துக்கொண்டு வந்து போட்டோம். குளிர் காற்று முகத்தில் பட்டது. கொஞ்ச நேரம் கழித்து அப்பா கண்ணைத் திறந்து, "ஸ்டாப்பிங் வந்துருச்சா?" என்றார். நான் அவர் மேல் விழுந்து அழுதேன்.

ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்தார்கள். பணியில் இருந்தவர் ஒரு சின்னப் பெண் டாக்டர். "கேஸ் ஹீட்டரா? பாத்ரூம்ல ஜன்னல் இருக்கா?"

"இருக்கு."

"திறந்திருந்துச்சா?"

"அடைச்சிருந்தோம். ஒரு ஷீட் வச்சு." என்ன ஷீட் என்று சொல்ல நாக்கு எழவில்லை.

"இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா எங்ககிட்ட கொண்டுவந்து பிரயோஜனமே இருந்திருக்காது. இதைப் பத்தி உங்க பக்கம் யாரும் வந்து சொல்றதே இல்லையா? விழிப்புணர்வுக்குன்னு தனியா ஒரு பிரிவே இருக்கே, அவங்க என்னதான் பண்றாங்க?"

"தெரியலம்மா" என்றேன்.

மறுநாள் அப்பாவை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தோம். விஷயம் தெரிந்து தம்பி அலறியடித்துக்கொண்டு வந்தான். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார். "ஒண்ணுமில்லடா, வெறும் வயித்துல குளிக்கப் போனேன், தலை சுத்திருச்சு. உங்க அக்கா இல்லன்னா நான் இல்ல."

தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டான். "அக்கா, நீ பக்கத்துல இருந்ததால ஆச்சு. என் வீடா இருந்தா, நான் கடையில இருந்திருப்பேன், யாரும் கவனிச்சிருக்க மாட்டாங்க. அப்பா உன்கிட்டயே இருக்கட்டும். இனிமே நான் பேசல."

நான் ஜெயித்துவிட்டேன். வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். அப்பா என்னைப் பார்த்துக் கண்ணால் சொன்னார், பேசாதே என்று.

தம்பி கை கழுவப் பாத்ரூமுக்குள் போனான். குழாயை ஆட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது. வெளியே வரும்போது அவன் கையில் நான் பிய்த்து மூலையில் வீசியிருந்த பேனர் இருந்தது. "இது எதுக்குக்கா?"

"காத்து வருதுன்னு ஜன்னல்ல ஒட்டியிருந்தா. வெளிச்சம் வரலன்னு நான்தான் எடுக்கச் சொன்னேன்" என்றார் அப்பா.

"நல்ல ஐடியாவா இருக்கே. எங்க வீட்லயும் இதே ஹீட்டர்தான், குளிர் காத்து வேற. பாப்பாவ குளிக்க வைக்கறப்போ புள்ள வெடவெடன்னு நடுங்குது. இதை நான் எடுத்துட்டுப் போறேன்" என்று சொல்லி, அழகாகச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான்.

அவன் செருப்பு மாட்டுகிறவரை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். வேறு ஏதாவது பொய் சொல்லிப் பேனரை வாங்கிக்கொள்ளலாம். ஆபீஸ் சொத்து, திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று சொல்லலாம். ஆனால் இது போனால் அவன் ஒரு கோணியை வைத்து அடைப்பான். கடையில் கெட்டியான ஷீட்டுக்கா பஞ்சம்?

"அதைக் கீழ போடுடா" என்றேன். "அப்பாவுக்குத் தலை சுத்தினது வெறும் வயித்துனால இல்ல. இதனாலதான். ஹீட்டர் எரியற ரூம்ல காத்துப் போற வழிய நான் அடைச்சேன். நான்தான் ஒட்டினேன், ஒரு இண்டு இடுக்கு விடாம. பாப்பா ரூம்ல எதையாவது அடைச்சிருந்தா இப்பவே போன் பண்ணிப் பிய்க்கச் சொல்லு."

தம்பி சுருளைப் பிரித்து 'கவனம்' என்பதைப் பார்த்தான். கையிலிருந்து அது தானாக நழுவியது. முதலில் வீட்டுக்குப் போன் போட்டான். அப்புறம் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, அப்பாவின் பெட்டியை எடுத்தான். நான் தடுக்கவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு தடுப்பது?

நான்தான் சட்டைகளை மடித்துக் கொடுத்தேன். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, "வாயை மூடிட்டு இருந்திருக்கலாம்மா" என்றார்.

"பாப்பாவ நினைச்சேம்பா."

"தெரியும். நானே சொல்லத்தான் வாயெடுத்தேன். நீ ஓவர்டேக் பண்ணிட்ட."

வண்டி தெருமுனை திரும்புகிறவரை நின்றேன். அப்புறம் உள்ளே வந்து, பாத்ரூமில் கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து நன்றாக அழுதேன். என் வீட்டுக்காரர் ஒரு சொல்கூடக் கிண்டலாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

அடுத்த நாள் ஹீட்டரைக் கழற்றி, பிளாஸ்டிக் நாற்காலியையும் பேனரையும் எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போனேன். ஆபத்து வீட்டில் புதிதாக ஒரு பாத்ரூம் போட்டேன். மேலாளர் பதறிப்போனார். "நம்ம பேனரையே ஆபத்துன்னு காட்டறதா? மேலிடத்துல என்ன சொல்வாங்க?"

"யார் ஒட்டினதுன்னு கேட்டா என் பேரைச் சொல்லுங்க சார்" என்றேன்.

இப்போது தினமும் அந்தப் பாத்ரூம் வாசலில்தான் நிற்கிறேன். வருகிறவர்கள் சோப்பைக் கண்டுபிடிக்கிறார்கள், ஈரத்தரையைக் கண்டுபிடிக்கிறார்கள், நகர்ந்துவிடுகிறார்கள். ஜன்னலை ஒருவரும் பார்ப்பதில்லை. பேனரைப் பார்க்கிறவர்கள்கூட, கண்காட்சிக்காரர்கள் ஒட்டிய அறிவிப்பு என்று வாசித்துவிட்டுப் போகிறார்கள். "மேல பாருங்க" என்று நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

நேற்று ஒருவர் ஹீட்டரையும் பேனரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இது ரொம்ப ஓவர் மேடம். எந்த முட்டாள் இப்படிப் பண்ணுவான்?"

"நான்தாங்க" என்றேன். "அப்பா உள்ள குளிச்சிட்டு இருந்தார்."

அவர் சிரிப்பு நின்றது. அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. தம்பிதான். தினமும் காலையில் இந்த நேரத்துக்குக் கூப்பிடுகிறான். என்னோடு ஒரு வார்த்தை பேசுவதில்லை, கோபம் இன்னும் தீரவில்லை. அவன் வீட்டு பாத்ரூமில் தாழ்ப்பாள் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அப்பா போடுவதில்லையாம். போனைக் கதவுப் பக்கம் நீட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பான், அவ்வளவுதான்.

தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. அதற்கு மேலே அப்பாவின் குரல், உரக்க, அதே மெட்டு. அந்த மனிதரை ஒரு கையால் இருக்கச் சொல்லிவிட்டு, போனைக் காதில் அழுத்திக்கொண்டு காத்திருந்தேன். எப்போதும் தப்புகிற இடம் வந்தது. தப்பினார். அதற்கப்புறம்தான் எனக்கு மூச்சு வந்தது.